மூன்றாவது பெட்டி

நாற்பதாவது நிமிடத்தில் மண் சரிந்திருக்க வேண்டும். கணினி அப்படித்தான் அடித்துச் சொல்லியிருந்தது.

ஐம்பத்திரண்டு ஆகிவிட்டது. ஒரு மேட்டிலிருந்து வேரோடு பெயர்த்து வந்த மண்ணும் புதர்களும், சாய்த்து நிறுத்திய கட்டில் அளவு இரும்புப் பெட்டிக்குள் செயற்கை மழையில் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டிருந்தன. அசைவதாகக் காணோம்.

ஆராய்ச்சியாளருக்குச் சிரிப்பு வந்தது. தன் கணக்கு தப்பிப்போனதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிற ஆள் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

வெறும் மண்ணை வைத்துப் பார்த்தபோது கணினி சொன்னது சொன்னபடி நடந்தது. பதினெட்டாவது நிமிடத்தில் மொத்தமும் வழுக்கி இறங்கி, அவள் செருப்பு வரை சேறு. புதர் உள்ள பெட்டிகளிடம்தான் அதன் பாச்சா பலிக்கவில்லை. வேர்களின் பலத்தை அவள் குறைத்துப் போட்டுவிட்டாள் போலிருக்கிறது. முதல் பெட்டி இரண்டு மணி நேர மழையைத் தாங்கியது. இரண்டாவதும் தாங்கியது.

இது மூன்றாவது. இதுவும் தாங்கினால், அந்த மேட்டின் அடியில் இருக்கும் அறுபது வீடுகளைக் காலி செய்யச் சொல்லும் உத்தரவு குப்பைக்குப் போகும். சரிந்தால், திங்கட்கிழமை கையெழுத்தாகும்.

பம்பைப் பார்த்துக்கொள்பவர் குழாயருகே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவளைவிடப் பத்து வயது மூத்தவர். சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. கேட்ட கேள்விக்குப் பதில், அதோடு சரி. ஆனால் மழை விஷயத்தில் படு கறார். பெட்டி ஓரத்தில் வைத்திருந்த அளவுக் குவளைகளைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குனிந்து பார்ப்பார். ஒரு கோடு குறைந்தாலும் குழாயை இன்னும் கொஞ்சம் திறப்பார்.

இப்போதும் திறந்தார்.

“அண்ணே, இதை விழ வைக்காம ஓயமாட்டீங்க போல இருக்கே!” என்றாள்.

“வானம் என்ன மேடம், நம்ம முகத்தைப் பார்த்தா ஊத்தப்போகுது?” என்றார் அவர், குவளையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எழுபத்தோராவது நிமிடம், மேல் விளிம்பில் மயிரிழையாய் ஒரு விரிசல் ஓடியது.

அசைவைக் காட்டும் முள் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தது. இரண்டு. மூன்று.

அவளுக்கு ‘போதும், நிறுத்துங்க’ என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது.

அவர் கை குழாயின் மேல் இருந்தது. கால் சுற்று திருப்பினால் போதும், மழை தணிந்துவிடும். ஏன் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

விரல்கள் வெளுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தார். திருப்பவில்லை.

முள் நான்கில் நின்றது. நின்றது நின்றதுதான்.

அவள் டார்ச்சை அடித்து விரிசலுக்குள் எட்டிப் பார்த்தாள். இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் குறுக்கே நூல் நூலாய் வேர்கள். கயிறு இழுக்கும் போட்டியில் குதிகாலை ஊன்றிக்கொண்ட கூட்டம் மாதிரி விறைத்து நின்றன.

இரண்டு மணி நேரம் முடிந்ததும் அவளே ஓடிப்போய் பம்பை அணைத்தாள். அணைத்த கையோடு ஓவென்று ஒரு கத்தல். பக்கத்து அறைக்காரர்கள் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள், என்ன இடிந்தது என்று.

“ஒண்ணும் இடியலை! அதான் விஷயமே!”

எல்லாரும் பெட்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் மண்ணைத் தொட்டுப் பார்த்தார். இன்னொருவர் கணினியைப் பார்த்துப் பழிப்புக் காட்டினார்.

கை குலுக்கலாம் என்று அவள் திரும்பினாள். முக்காலி காலியாக இருந்தது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி போனில் பேசிக்கொண்டிருந்தார் அவர். நாலு மாதத்தில் அவள் கேட்டிராத சத்தத்தில் சிரிப்பு. நடுநடுவே சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“கட்டி வெச்ச மூட்டையெல்லாம் பிரிச்சுடு. ஆமாடி, நம்ம மேடுதான்! எனக்குத் தெரியாதா? மழையை ஊத்தினதே நான்தானே!”