செய்தி வரும் கார்டு

ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகவிருந்த ஜெபராணிக்குக் கார்டு வாங்க, கணவன் செல்வினும் வங்கிக்குக் கூடவே வந்தான். வங்கிப் பெண் இரண்டைக் காட்டினாள். யூரோ ஏற்றித் தரும் கார்டில் தனிக் கட்டணம் கிடையாது. செலவுச் செய்தி ஜெபராணியின் எண்ணுக்கே போகும். மற்றது செல்வினின் கணக்கோடு சேர்ந்தது. தேய்க்கும்போதெல்லாம் கட்டணம் பிடிப்பார்கள். செய்தி அவனுக்கு வரும்.

“இதுவே இருக்கட்டும்” என்று அவன் இரண்டாவதைத் தொட்டான்.

“என் செலவுக்குக் காவலா?” என்றாள் ஜெபராணி, வெளியே வந்ததும். அந்த வருத்தத்தோடுதான் அவள் விமானம் ஏறினாள்.

அங்கே அவள் காலையில் ரொட்டி வாங்கும்போது இங்கே மதியமாகிவிடும். ரொட்டிக்கடையின் செய்தி வந்த பிறகே அவன் சோற்றில் கை வைத்தான். ஒருநாள் மருந்துக்கடை என்று வந்தது. உடனே அழைத்தான்.

“காய்ச்சலா?”

“உங்களுக்கு யாரு சொன்னா?”

“மருந்துக்கடைன்னு கார்டு செய்தி வந்துச்சு.”

“லேசாத்தான். நீங்க சாப்பிட்டீங்களா?”

“நீ இன்னும் ரொட்டி வாங்கலியே” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

பிறகொரு நாள் எந்தச் செய்தியும் வரவில்லை. தட்டில் போட்ட சோறு ஆறிப்போனது. சாயங்காலம் அவளே அழைத்தாள்.

“இன்னைக்கு இங்க கடையெல்லாம் லீவு. கூட வேலை பாக்குறவ வீட்டுல வயிறாரச் சாப்பிட்டேன். நீங்க போய்ச் சாப்பிடுங்க.”