சித்தப்பா நேரில் வந்தார்

கணினியில் இயங்குதளத்தை மாற்றப்போவதாக அமுதவல்லி ஒரு பொத்தானைத்தான் அழுத்தினாள். மறுநாள் காலை, பழைய இயங்குதளம் அனுப்பிவைத்த சமரசக் குழு வாழைப்பழச் சீப்போடு வாசலில் வந்து நின்றது. சித்தப்பா சிங்காரவேலுவும் அத்தை சௌந்தரமும்தான் அந்தக் குழு.

அவளுக்கு உட்காரக்கூட நேரமில்லை. பக்கத்துக்குப் பக்கம் வேலையை நிறுத்தி வாழ்வியல் பொன்மொழி காட்டும் அந்தப் பழைய இயங்குதளச் சனியனால், பதிப்பகத்துக்குத் திருத்தித் தர வேண்டிய மெய்ப்பு மறுபடி தாமதமாகியிருந்தது. இன்னொரு முறை என்றால் வேலை போய்விடும்.

“எட்டு வருஷத்து உறவும்மான்னு உருகி உருகி எழுதியிருக்கு,” என்றார் சித்தப்பா. “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிட்டுப் போயேன்.”

“நான் புருஷனை விட்டுட்டு வந்தப்பவும் இதையேதான் சொன்னீங்க.”

“அது போன்ல சொன்னது. இதுக்கு நேர்லயே வந்திருக்கோம் பாரு.”

“சேர்த்து வெச்சா எங்க ரெண்டு பேருக்கும் ஒரு வருஷம் ஸ்டோரேஜ் ஃப்ரீயாம்டி,” என்று அத்தை போட்டு உடைத்தாள்.

அமுதவல்லி திரையில் ‘பிரிகிறேன்’ என்பதை அழுத்தினாள். அது இருண்டு வெளுத்தது. புதிய இயங்குதளம் கைகூப்பி வரவேற்றது. ஏற்கெனவே ஓரிடத்தை விட்டு வந்தவள் என்பதால், இனி ஒழுங்காக இருப்பாள் என்று குடும்பப் பெரியவர்கள் இருவர் உறுதி சொன்னால்தான் உள்ளே விடுமாம்.

சித்தப்பா அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

“இருங்க சித்தப்பா,” என்றாள் அவள் களைத்துப்போய். “காபி குடிச்சிட்டுப் போகலாம்.”