பித்தளை பெடல்

கம்பத்து மெக்கானிக் ஷானவாஸ், உள்ளங்கை அகல ஜீப் ஒன்றைப் பித்தளைத் தகட்டில் வெட்டிச் செய்தான். கதவுப் பிடிகூட அவன் கைவேலைதான். மலை ரோட்டில் கவிழ்ந்து இறந்துபோன டிரைவர் ஈஸ்வரபாண்டியுடைய ஜீப்பின் குட்டி வடிவம் அது. இறந்தவனின் போட்டோ பக்கத்தில் வைக்க, அவன் மனைவி ஜோதிலட்சுமி கேட்டிருந்தாள்.

அவளுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ஜீப் கவிழ்ந்த அன்று காலை ஈஸ்வரபாண்டி பட்டறைக்கு வந்து, "பிரேக்கு பெடலு மிதிச்சா உள்ள போகுது மாப்ள, பாரு" என்றான். ஷானவாஸுக்குக் கல்யாண வீட்டுப் பிரியாணிக்குப் போகிற அவசரம்.

"ஏலக்காத் தோட்டத்து ஆளுகள எறக்கிட்டு வாடா, சாயங்காலம் பாப்போம்" என்று அனுப்பிவிட்டான். ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போதுதான் ஜீப் உருண்டது.

குட்டி ஜீப்பில் பிரேக் பெடலைப் பற்றவைத்தான். டீ குடித்து வருவதற்குள் அது தரையோடு அமுங்கிக் கிடந்தது. தடித்த தகட்டில் வேறொன்று செய்தான். அதுவும் அமுங்கியது. எரிச்சலில் பெடலையே வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

ஜோதிலட்சுமி வந்தாள். ஜீப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அன்னைக்கு பிரேக்கு நல்லாத்தானண்ணே இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சும்மா."

"அவுகளும் வண்டியக் கொறையே சொல்ல மாட்டாக" என்றபடி குனிந்து ஜீப்புக்குள் பார்த்தாள். "அடேயப்பா, இம்புட்டுச் சின்ன பெடலக்கூட விடாம செஞ்சிருக்கீகளே! ஆனா அமுங்கியே இருக்கேண்ணே, யாரு மிதிச்சா?"

ஷானவாஸ் சட்டைப்பையைத் தடவினான். வெட்டிய பெடல் உள்ளேதான் இருந்தது.