அத்தை பேர்

"பிள்ளைக்கு அத்தை பேரையே வைக்கலாம்னு இருக்கேன்" என்றாள் பெர்சிஸ்.

காபி ஆற்றிக்கொண்டிருந்த லில்லியின் கை நின்றது. மருமகள் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து இப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை.

"நெசமாத்தான் சொல்லுதியாட்டி?"

"ஞாயித்துக்கிழமை கோயில்ல பாருங்க, அத்தை."

லில்லி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். கங்கைகொண்டானில் வேலையில் இருந்த மகன் எபனேசருக்கு உடனே போன் போட்டாள். அவன் வழக்கம்போல, சரிம்மா என்றான்.

பெயர்கள் என்றால் லில்லிக்குப் பித்து. யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும், பேர் எந்தத் தேசத்தது, என்ன அர்த்தம் என்று சொல்லிவிடுவாள். மகள் ரீபாவின் பேர் எபிரேயம். பெர்சிஸ் கிரேக்கம், பாரசீகத்துப் பெண். எபனேசர் என்றால் உதவியின் கல். கல் என்ற மட்டுக்கும் சரிதான் என்று பெர்சிஸ் நினைத்துக்கொள்வாள்.

பெர்சிஸ் முன்பு சுடலைவடிவு. எபனேசரைக் காதலித்தாள். ஞானஸ்நானம் வாங்கினால்தான் கல்யாணம் என்றாள் லில்லி. அதற்கு ஒத்துக்கொண்டாள். பேரை மட்டும் விட்டுவிடுங்கள், அப்பா தன் அம்மாவின் பேரை எனக்கு வைத்தார் என்று கேட்டாள்.

"சுடுகாட்டுப் பேரு எங்க வீட்டுக்குள்ள வராது."

தன் பிறந்த வீடு நாசரேத்தில் நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவ வேதத்தில் இருந்த வீடு, வெள்ளைக்காரப் பாதிரி ஐயர் கையால் தண்ணீர் வாங்கிய வீடு என்றாள் லில்லி. இப்போது அங்கே யாரும் உயிரோடு இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள். புதுப் பேரை அவளே தேர்ந்தெடுத்தாள். ஞானஸ்நானத் தொட்டியருகே சொன்ன பேர் சொன்னதுதான், பிறகு மாற்ற முடியாது என்றாள். தூத்துக்குடியைத் தாண்டாத பெண் பாரசீகத்துப் பெண் ஆனாள்.

அதைக்கூட அவள் மறந்திருப்பாள்.

மறு வருடம் அவள் அப்பா ஒரு பை நுங்கோடு பாளையங்கோட்டைக்கு வந்தார். அவள் வேலைக்குப் போயிருந்தாள். வெளிக்கதவருகே நின்று, சுடலைவடிவு இருக்காளா என்று கேட்டிருக்கிறார்.

"அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல" என்று லில்லி கதவைச் சாத்திவிட்டாள். எதிர்வீட்டு கிரேஸி பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

அப்பா நுங்கைத் திண்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். அந்த ஆடியிலேயே இறந்துபோனார். மகளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம்.

அன்றிலிருந்து வீட்டில் தினமும் சண்டை. உப்புக்குச் சண்டை, துணி காயப்போட்ட கொடிக்குச் சண்டை.

போன தையில் எல்லாரும் ஏரலில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். அந்த ஊருக்கு வர லில்லிக்கு மட்டும் மனசே இல்லை. சாப்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடக்கும்போது, பாத்திரக் கடை வாசலில் ஒருத்தி தன் மகளைச் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"ஏட்டி இசக்கியம்மா, இங்கன வா."

லில்லி சட்டென்று திரும்பினாள். அந்தச் சிறுமி ஓடிப்போய்த் தாயின் கையைப் பிடித்த பிறகும் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன அத்தை என்று பெர்சிஸ் கேட்டதற்கு, கழுத்து பிடித்துக்கொண்டது என்றாள்.

அடுத்த வாரம் பித்தளைச் செம்பு வாங்க என்று பெர்சிஸ் மட்டும் ஏரலுக்குப் போனாள். வயிற்றுப் பிள்ளையோடு எதற்கு அலைச்சல் என்று எபனேசர் கேட்டான். பொழுது சாயும்போது வெறுங்கையோடு திரும்பினாள். செம்பு பிடிக்கவில்லை என்றாள்.

அதன் பிறகு சண்டை இல்லை. வாய்க்காரி அடங்கிட்டா, எல்லாம் வயித்துல இருக்கது செய்யுத வேலை என்று லில்லி மாதர் சங்கத்தில் சொல்லிச் சிரித்தாள்.

பிறந்தது பெண். பேர் வைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்குள் சபை முழுக்க லில்லி சொல்லி முடித்திருந்தாள். போதகர் கிருபைராஜின் வீட்டுக்கே போய், பேத்திக்கு என் பேருதான் ஐயா, லில்லின்னா பரிசுத்தம் என்று சொல்லிவிட்டு வந்தாள். குட்டி லில்லி என்று எழுதிய கேக் வீட்டில் தயாராக இருந்தது.

பெற்றவள்தான் பேரைச் சொல்ல வேண்டும் என்பது அந்தச் சபை வழக்கம். ஞானத்தாயாக நின்ற ரீபா பிள்ளையைத் தொட்டிக்கு மேலே ஏந்தினாள். பெர்சிஸும் எபனேசரும் பக்கத்தில் நின்றார்கள். முதல் பெஞ்சில் லில்லி புதுப் பட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

போதகர் உள்ளங்கையில் தண்ணீரை அள்ளினார்.

"பிள்ளைக்குப் பேரு?"

"இசக்கியம்மா."

மைக்கில் அது கடைசி பெஞ்சு வரை கேட்டது. ரீபா அண்ணனைப் பார்த்தாள். எபனேசர் கல்லாக நின்றான்.

லில்லி எழுந்தாள். வாயைத் திறந்தாள். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பைய உட்கார்ந்தாள்.

போதகரின் விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது. அவர் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுக் குனிந்து கேட்டார்.

"ஏம்மா, மாமியார் பேருன்னுல்லா சொன்னாவ?"

பெர்சிஸ் முதல் பெஞ்சைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அதத்தான் சொல்லுதேன், ஐயா."