நிலக்கோட்டை முகவரி

ஜெயமேரிக்கு உடம்பு வணங்காது. காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்த இரண்டே வாரத்தில் பழனிக்குமார் இந்த முடிவுக்கு வந்துவிட்டான்.

வீடில்லாமல் தெருவில் கிடப்பவர்களிடம் பேசிப் பழகி, காப்பகத்துக்கு அழைத்து வருவதுதான் இருவருக்கும் வேலை. ஜெயமேரிக்குப் பதினோரு வருட அனுபவம். ஆனால் திண்டுக்கல் பூ மார்க்கெட் வாசலில் கிடக்கும் நாகஜோதியை எட்டு மாதமாகக் கிளப்ப முடியவில்லை.

காலை ஏழு மணிக்குப் போவார். பக்கத்தில் உட்காருவார். இரண்டு பேரும் டீ குடிப்பார்கள், மல்லி என்ன விலை என்று பேசுவார்கள். எழுந்து வந்துவிடுவார்.

“அக்கா, அந்தம்மா கால் புண்ணு ரொம்ப மோசம். இந்த வாரம் ஆஸ்பத்திரியில சேர்க்கலைன்னா பாதத்தையே எடுக்கணும்னு நர்ஸ் சொல்றாங்க.”

“தெரியும் தம்பி. தினம் கூப்பிடத்தான் செய்யறேன். வரமாட்டேங்குது.”

“சொந்தக்காரங்களைப் பிடிக்க வேண்டியதுதானே? ரிஜிஸ்டர்ல அட்ரஸ் இருக்கு. நிலக்கோட்டையில பூ வேன் நிக்கிற எடத்துல கேட்டா வீட்டைக் காட்டுவாங்களாம். போய்ப் பாத்தீங்களா?”

“இல்ல.”

“எட்டு மாசத்துல ஒரு தடவைகூடவா?”

“அது போகச் சொல்லலையே.”

ஒரு மணி நேர பஸ்ஸுக்கு இம்புட்டுச் சோம்பலா? பழனிக்குமார் வாய்க்குள் சிரித்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை லீவில் அவனே போனான். வேன் நிற்கும் இடத்தில் கேட்டான். அப்படி யாரும் இந்த ஊரில் இல்லை என்று பதில் வந்தது.

திங்கள் காலையில் வந்ததும் வராததுமாகச் சொன்னான்.

“பொய் அட்ரஸ் அக்கா! அந்தம்மா உங்களை நல்லா ஏமாத்தியிருக்கு.”

ஜெயமேரிக்கு முகம் மாறிவிட்டது. “போனியா நீ?”

“யாராச்சும் போகணும்ல?”

“பொய்னு எனக்கு மொத நாளே தெரியும் தம்பி. அதுவா நெசத்தைச் சொல்ற வரைக்கும் காத்திருந்தேன்.”

அதற்கு மேல் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாக நடந்தார். பழனிக்குமார் பின்னாலேயே ஓடினான்.

பூ மார்க்கெட் வாசலில் நாகஜோதி மூட்டையைக் கட்டி மடியில் வைத்திருந்தாள்.

“அக்கா, எங்க கிளம்பிட்டீங்க?” ஜெயமேரி மூச்சிரைக்கக் கேட்டார்.

“ஒன்கூடத்தான். மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ தாயி. காலு விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது.”

“இத்தனை நாளா வரமாட்டேன்னீங்களே?”

“அப்ப ஒன்னைத் தெரியாதுல்ல. போன வாட்டி தெருவுல கெடந்தப்ப ஒரு புண்ணியவான் என் மகனைத் தேடிப் போய்ச் சொல்லிட்டாரு. அவன் அழுதுக்கிட்டே வந்து கூட்டிப் போனான். ஒரு வருசம் மாட்டுக் கொட்டகையில போட்டுப் பூட்டி வச்சிருந்தான். தப்பிச்சு வந்தவ நான். அதான் ஊரை மாத்திச் சொன்னேன். பின்னாடியே விசாரிக்க ஆள் வருதான்னு பாக்கச் சொல்லி, அங்கன ஒருத்தரையும் வச்சிருந்தேன்.”

“யாரை?”

“இந்தா, முனீர் பாயைத்தான். நிலக்கோட்டையில இருந்து தினம் பூ வேன் ஓட்டிட்டு வாராரு. காலையிலகூடக் கேட்டேன். ஒரு ஈ, காக்காகூட வரலைன்னாரு. என்ன பாய்?”

பழனிக்குமார் ஜெயமேரியின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தான்.

வேனிலிருந்து பூ மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தவர் திரும்பினார். ஐம்பது வயது இருக்கும். பழனிக்குமாரை ஒரு பார்வை பார்த்தார்.

“யாரும் வரலத்தா. எத்தனை தடவை கேப்ப? அந்தக் காலை வச்சுக்கிட்டு இங்க கெடக்காம ஆட்டோவுல ஏறு.”

“கேட்டியா தாயி? இப்ப எழுதிக்க. எம் பேரு நாகஜோதி இல்ல, ஜக்கம்மாள். ஊரு குஜிலியம்பாறை பக்கம்.”

ஜெயமேரி அவளை அணைத்துத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டு, தானும் ஏறிக்கொண்டார்.

மூட்டையை எடுத்துக் கொடுக்கக் குனிந்த பழனிக்குமாரின் காதருகே முனீரும் குனிந்தார்.

“ஞாயித்துக்கிழமை நீங்க எங்கிட்டத்தான் கேட்டீங்க தம்பி. மறுபடி வந்துராதீங்க. இன்னொரு பொய்யி எனக்கு வராது.”