பாதித் தொட்டி

ஒரு வீட்டின் உப்புநீர்த் தொட்டியில் ஒரு நீல மீன் தனியாக இருந்தது. அதன் வாலடியில் சவரக்கத்தி மாதிரி ஒரு முள். விளக்கைப் போட்டதும் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தோடு பேச ஆரம்பித்துவிடும்.

"நம்ம இனத்துல ஒருத்தன் வரட்டும். பாதித் தொட்டியை அவனுக்கே கொடுத்துடுவேன்" என்று தொட்டியின் அடியில் கிடந்த நண்டிடம் புலம்பும்.

"கொடுப்பே, கொடுப்பே" என்றபடி நண்டு பாசியைச் சுரண்டப் போய்விடும்.

ஒருநாள் வீட்டுக்காரர் இன்னொரு நீல மீனைக் கொண்டுவந்து விட்டார். சின்னது. வந்த களைப்பில் நிறமே வெளுத்திருந்தது.

"அண்ணே, அந்தப் பாறைப் பொந்துல கொஞ்சம் படுத்துக்கட்டுமா?"

"அது நான் தூங்குற இடம்."

"அப்ப இந்த ஓரமா..."

"அது நான் மேயுற இடம்."

சின்ன மீன் எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே நின்றது. நீல மீன் வாலை ஒரு வீசு வீசியது.

சாயங்காலம் வீட்டுக்காரர் செத்த மீனை வலையால் அள்ளி எடுத்தார்.

"யாராவது ஒருத்தன் வரமாட்டானா, நண்டே?" என்று அழுதது நீல மீன்.

"வந்தானே" என்றது நண்டு.

நீல மீன் அதைக் காதில் வாங்கவில்லை. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு சொன்னது:

"நீ ஒருத்தன்தான்டா என்கிட்ட எதுவும் கேட்காதவன்."