மூடிய கை

மறுபடியும் தொகுஜிதான் தோற்றார்.

கனசாவா ரயில் நிலைய வாசலில் ஐந்து பேரும் வட்டமாக நின்று, "ஜான் கென் பொன்!" என்று கையை நீட்டினார்கள். நாலு கை விரிந்திருந்தது. காகிதம். ஒரு கை மூடியிருந்தது. கல். காகிதம் கல்லைச் சுற்றிவிடும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த ஆட்டம்.

"என்னப்பா தொகுஜி, ஊர் மாறினாலும் உன் ராசி மாறாதா?" என்று முராய் சிரித்தார்.

தொகுஜியும் சிரித்துக்கொண்டே அத்தனை பைகளையும் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

விரிந்த கைகளில் ஒன்று இவாவோவுடையது. ரயிலிலேயே முராய் அவர் காதில் ஓதியிருந்தார்.

"நீ புதுசு, தெரிஞ்சு வச்சுக்கோ. தொகுஜி எப்பவும் கைய மூடிக்கிட்டுதான் நீட்டுவான். நாம விரிச்சாப் போதும்."

எல்லோரும் ஒசாகாவில் ஒரே டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். முராய் ஃபோர்மேன். வருஷத்துக்கு ஓர் ஊர் சுற்றிப் பார்க்கப் போவார்கள். யாரைக் கூப்பிடுவது, யாரை விடுவது என்பது இன்றைக்கும் ஃபோர்மேன் முடிவுதான். இவாவோவுக்கு இந்த வருஷம்தான் அழைப்பு வந்தது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, மருந்துக் கடைக்காரனைத் தவிர யாரும் அவருக்குப் போன் செய்ததில்லை.

ஆனாலும் ஏமாற்றுகிறவர்களைக் கண்டால் இவாவோவுக்கு ஆகாது. தன்னை ஏமாற்றியவர்கள் பெயரெல்லாம் அவருக்கு மனப்பாடம். இப்போது தானும் கையை விரித்தது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

மீன் சந்தையில் சாப்பாட்டுக் கடை வாசலில் பெரிய வரிசை. ஜான் கென் பொன். தொகுஜி வரிசையில் நின்றார். மற்றவர்கள் போய் ஆளுக்கொரு பெட்டி நண்டு வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

உள்ளே நாலு பேர் உட்காரும் மேஜைதான் காலி. அதற்கும் ஜான் கென் பொன். தொகுஜி மூலையில் தனியாக, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"உனக்குத்தான் சுவத்தப் பாத்துச் சாப்பிட்டே பழக்கமாச்சே!" என்றார் கூட்டத்தில் ஒருவரான நோசே. கல்யாணமே செய்துகொள்ளாத மனுஷனைப் பார்த்து.

மேஜை குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள். இவாவோவுக்குச் சோறு இறங்கவில்லை.

பூங்காவுக்கு நடக்கும்போது தொகுஜி சின்னப் பையன் மாதிரி பேசிக்கொண்டே வந்தார்.

"பனி விழுந்து கிளை ஒடியக் கூடாதுன்னு, பைன் மரத்துக்கு உச்சியிலேர்ந்து சுத்திலும் கயிறு கட்டியிருப்பாங்களாம். குடை விரிச்ச மாதிரி இருக்குமாம். டீவியிலதான் பாத்திருக்கேன். இன்னிக்கு நேர்ல பாத்துடணும்."

பூங்கா வாசலில் முராய் நின்றார்.

"நண்டுப் பெட்டியில ஐஸ் தண்ணி ஒழுகுது. லாக்கர்லயும் நுழையாது. யாராவது ஒருத்தர் இங்கயே காவலுக்கு இருக்கணும். வாங்க, வட்டமா நில்லுங்க."

இவாவோவுக்குப் பொறுக்கவில்லை. தொகுஜியின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"யோவ், நல்லாக் கேளும். நீர் கைய மூடுவீர்னு தெரிஞ்சுக்கிட்டுதான் அவங்க விரிக்கிறாங்க. இந்தத் தடவை ரெண்டு விரல நீட்டும். கத்தரி. அத்தனை காகிதத்தையும் வெட்டிப்புடும். மரத்தப் பாக்கலாம்."

தொகுஜி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ஜான் கென் பொன்!"

தோற்கத் தயாராகத்தான் இவாவோ கையை விரித்தார். மற்ற மூன்று கைகளும் விரிந்தன.

தொகுஜியின் கை மூடியே இருந்தது.

"ஐயோ பாவம்!" என்று நோசே தோளில் தட்டினார். மூன்று பெட்டிகளையும் பெஞ்சில் இறக்கி வைத்துவிட்டு, மூன்று பேரும் உள்ளே நடந்தார்கள்.

இவாவோ தன் பெட்டியோடு அங்கேயே நின்றார். முகம் சிவந்துவிட்டது.

"உமக்குப் புத்தி இருக்கா? அவ்வளவு தூரம் சொன்னேனே!"

"எனக்குத் தெரியுமே" என்றார் தொகுஜி. "முதல் வருஷத்துலேர்ந்தே தெரியும்."

"தெரிஞ்சுமா தோக்குறீர்?"

தொகுஜி பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"ஹகோதாதே ஊருக்குப் போனப்ப ஒரே ஒரு தடவை ரெண்டு விரல நீட்டினேன். ஜெயிச்சேன். மிச்சவங்கள்ல முராய்தான் தோத்துப் பை தூக்கினார். எல்லாரும் கைதட்டிச் சிரிச்சாங்க. அடுத்த வருஷம் எனக்குப் போன் வரல. கேட்டா, உனக்கு உடம்பு சரியில்லன்னு நெனச்சோம்னாங்க."

"மரம் எங்கயும் ஓடிப் போகாது. நீங்க உள்ள போங்க. என்கூட நின்னு பேசுறத முராய் பாத்தா, உங்களுக்கும் நல்லதில்ல."

அதற்குள் முராய் திரும்பிப் பார்த்துவிட்டார். "இவாவோ! அங்க என்னய்யா குசுகுசுன்னு? எங்ககூட வர்றியா, அவன்கூட இருக்கப் போறியா?"

இவாவோ ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு கையிலிருந்த தன் நண்டுப் பெட்டியையும் தொகுஜியின் பக்கத்தில் இறக்கி வைத்தார்.

"இதோ வந்துட்டேன், முராய் அண்ணே!" என்று உள்ளே ஓடினார்.